மரபணு மாற்றிய செல்லை மூளைக்குள் வைப்பது: அல்சைமர் நோயாளியின் மகனுக்கு ஒரு பதில்

கேள்வி இது: "அம்மாவுக்கு அல்சைமர். டோனெபெசில் மாத்திரை சாப்பிடுகிறார். பெரிய முன்னேற்றம் இல்லை. மரபணு மாற்றிய செல்களை மூளைக்குள் வைத்தால் மறதி நிற்கும், அமெரிக்காவில் செய்துவிட்டார்கள் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். இங்கே ஒரு கிளினிக்கிலும் அதே மாதிரி ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்களாம். செலவைப் பற்றிக் கவலையில்லை. நம்பிப் போகலாமா?"

உறவினர் சொன்னதில் முதல் பாதி உண்மை. 2001-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் அல்சைமர் நோயாளிகளின் மூளைக்குள் மரபணு மாற்றிய செல்களை வைத்தார்கள். ஆனால் இன்றுவரை எந்த நாட்டிலும் அல்சைமருக்கு இது அனுமதிக்கப்பட்ட சிகிச்சையாக வரவில்லை. கிளினிக்காரர் சொல்லும் ஊசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவசரமாக முடிவெடுக்க வேண்டும் என்றால் இதோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். ஏன் இப்படி ஆனது என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். இந்த ஆராய்ச்சி நின்ற இடம் நான் படித்தவற்றிலேயே மிக விசித்திரமான இடம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். "செல் மாற்று" என்றதும், செத்துப்போன நியூரானின் இடத்தில் புது நியூரான் போய் உட்காரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பார்கின்சன் நோயில் அப்படி ஒரு முயற்சி நடக்கிறது, அது வேறு கதை. சான் டியேகோவில் வைத்தது நியூரானே இல்லை, நோயாளியின் சொந்தத் தோலிலிருந்து எடுத்த செல். அது எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது, எந்த நியூரானோடும் இணையாது. பக்கத்திலிருக்கும் நியூரான்கள் சாகாமல் காக்கும் ஒரு புரதத்தைச் சுரந்துகொண்டே இருப்பது மட்டும்தான் அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை.

அந்தப் புரதத்தின் பெயர் நரம்பு வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக என்.ஜி.எஃப். இதைக் கண்டுபிடித்தவர் இத்தாலியரான ரீட்டா லெவி-மொன்டால்சினி. 1938-ல் முசோலினி அரசு கொண்டுவந்த இனச் சட்டங்களால் யூதரான அவர் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. டூரின் நகரில் வீட்டுப் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கி, கோழிக்கருவின் நரம்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். போர் முடிந்தபின் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸுக்குப் போய், 1950-களின் தொடக்கத்தில், எலிப் புற்றுக்கட்டி ஒன்று ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது, அதை நோக்கி நரம்பு இழைகள் காடாக வளர்கின்றன என்று கண்டார். ஸ்டான்லி கோஹன் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்கு மிக வளமான ஊற்றாக அமைந்தது ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பி! இருவருக்கும் 1986-ல் நோபல் பரிசு.

அல்சைமருக்கு இது எப்படி வந்து சேர்ந்தது? முன்மூளையின் அடிப்பகுதியில் ஒரு நியூரான் கூட்டம் இருக்கிறது. வியன்னாவில் பணியாற்றிய மைனெர்ட் என்ற மருத்துவரின் பெயரால் அதை அழைக்கிறார்கள். அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளை மூளையின் மேற்புறணி முழுக்க அனுப்புவது இந்தக் கூட்டம்தான். அல்சைமரில் இந்த நியூரான்கள் சுருங்கி மடிகின்றன. உங்கள் அம்மா சாப்பிடும் டோனெபெசில், மிச்சமிருக்கும் அசிடைல்கோலின் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்கிறது. அதைச் சுரக்கும் நியூரானை அதனால் காப்பாற்ற முடியாது. என்.ஜி.எஃப். அந்த நியூரானையே காப்பாற்றும் என்று 1980-களில் எலிகளில் தெரியவந்தது.

அப்படியானால் என்.ஜி.எஃப்.-ஐயே ஊசியாகப் போட்டுவிடலாமே என்று தோன்றும். முடியாது. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் பெரிய புரத மூலக்கூறுகளை உள்ளே விடுவதில்லை. சரி, மூளைக்குள்ளே இருக்கும் திரவ அறைக்கு நேராகக் குழாய் போட்டு விட்டால்? ஸ்வீடனில் 1990-களில் மூன்று நோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள். தாங்கமுடியாத முதுகுவலி வந்தது, எடை குறைந்தது, நிறுத்திவிட்டார்கள். வலி நரம்புகளும் என்.ஜி.எஃப்.-க்குப் பதில் சொல்பவைதான். மூளைத்தண்டுவட நீரில் கலந்த மருந்து முதுகெலும்பு வரை போய் அவற்றையும் தட்டி எழுப்பிவிட்டது. ஆகவே மருந்து அந்த நியூரான் கூட்டத்தின் பக்கத்தில் மட்டும் கிடைக்க வேண்டும், வேறு எங்கும் பரவக் கூடாது, அதுவும் வருடக்கணக்கில் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த மூன்று நிபந்தனைக்கும் சேர்த்துக் கிடைத்த விடைதான் மரபணு மாற்றிய செல்.

1988-ல் சான் டியேகோவில் ஃபிரெட் கேஜ், தியடோர் ஃபிரீட்மன் உள்ளிட்ட குழு இதை எலியில் செய்து காட்டியது. ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத்திசு செல்களுக்குள், மரபணுவைச் செல்லுக்குள் சுமந்து சென்று பதிக்கும் ரெட்ரோவைரஸ் என்ற வைரஸ் மூலம் என்.ஜி.எஃப். மரபணுவைப் புகுத்தினார்கள். எலியின் மூளையில் ஒரு நரம்புக் கற்றையை வெட்டினார்கள். அதை வெட்டினால் அசிடைல்கோலின் நியூரான்கள் தானாகவே மடியத் தொடங்கும். வெட்டிய இடத்தில் இந்தச் செல்களை வைத்ததும் நியூரான்கள் பிழைத்தன. அதைவிட முக்கியமாக, பிழைத்த நியூரான்கள் புதிய இழைகளை விட்டன. அந்த இழைகள் செல்களை வைத்த திசையை நோக்கியே வளர்ந்தன.

ஏன் தோலிலிருந்து எடுக்கும் செல் என்று கேட்கலாம். அன்றைக்குக் கையிலிருந்த ரெட்ரோவைரஸ், பிரிந்து பெருகும் செல்லுக்குள் மட்டுமே மரபணுவைப் பதிக்கும். நியூரான் பெருகாது. தோலிலிருந்து எடுக்கும் ஃபைப்ரோபிளாஸ்டோ குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டு அடித்தளம் நிறையும்வரை பெருகும். சொந்தத் தோல் என்பதால் உடல் அதை நிராகரிக்காது. 1999-ல் அதே சான் டியேகோவின் மார்க் டுசின்ஸ்கி குழு வயதான ரீசஸ் குரங்குகளில் இதையே செய்தபோது, வயதால் மங்கிப்போன அந்த நியூரான்கள் கிட்டத்தட்ட இளம் குரங்கின் நிலைக்குத் திரும்பியதாகக் கண்டார்கள்.

அதே டுசின்ஸ்கி குழு 2001 ஏப்ரலில் மனிதரிடம் செய்தது. ஆரம்பக்கட்ட அல்சைமரோடு இருந்த 60 வயதுப் பெண் ஒருவர்தான் முதல் நோயாளி. நடைமுறை இப்படி: தோலில் சிறு துண்டு எடுத்து, அதிலிருந்து செல்களை வளர்த்து, என்.ஜி.எஃப். மரபணுவை ஏற்றி, அது உண்மையில் சுரக்கிறதா என்று அளந்து பார்ப்பார்கள். பிறகு தலையில் ஒரு உலோகச் சட்டத்தைத் திருகிப் பொருத்தி ஸ்கேன் எடுப்பார்கள். சட்டத்தின் அளவுகோலும் ஸ்கேன் படமும் சேர்ந்து, மைனெர்ட் கூட்டம் எந்த ஆழத்தில் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்லும். மண்டையோட்டில் சிறு துளை போட்டு, மெல்லிய ஊசியை அந்த ஆழத்துக்கு இறக்கி, சில மைக்ரோலிட்டர் அளவுக்கு மிக மெதுவாகச் செலுத்துவார்கள். வேகமாகத் தள்ளினால் திரவம் ஊசி வந்த வழியாகவே மேலே ஏறிவிடும்.

மொத்தம் எட்டுப் பேர். தொடக்கத்தில் நோயாளிகளை முழுமையாக மயக்காமல், லேசான தூக்க மருந்தில் வைத்தே அறுவை செய்தார்கள். ஊசி மூளைக்குள் இருக்கும்போதே இருவர் அசைந்துவிட்டார்கள். உள்ளே ரத்தம் கசிந்தது. ஒருவர் மெல்லத் தேறினார். மற்றவர் சில வாரங்களில் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறந்தார். அதன்பிறகுதான் முழு மயக்கத்துக்கு மாறினார்கள். தான் எங்கே இருக்கிறோம் என்பதே குழம்பும் ஒரு நோயாளியை அரை மயக்கத்தில் அசையாமல் இருக்கச் சொன்னது இப்போது பார்த்தால் எப்படித் தோன்றுகிறது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். இறந்தவரின் மூளையை ஆராய்ந்தபோது வைத்த செல்கள் உயிரோடு சுரந்துகொண்டிருந்தன, எலியில் பார்த்தது போலவே நியூரான் இழைகள் அவற்றை நோக்கி வளர்ந்திருந்தன.

மீதி ஆறு பேரைச் சராசரியாக 22 மாதம் கவனித்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். நினைவுத் தேர்வு மதிப்பெண் குறையும் வேகம் தணிந்ததாகத் தெரிந்தது. பெட் ஸ்கேனில் மேற்புறணி குளுக்கோஸைக் கூடுதலாகப் பயன்படுத்தியது. உங்கள் உறவினர் கேள்விப்பட்டது இந்தச் செய்தியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஆறே பேர், ஒப்பிடுவதற்கு, சிகிச்சை பெறாத எதிர்க்குழு இல்லை, தனக்கு அறுவை நடந்தது நோயாளிக்கும் தெரியும் சோதிப்பவருக்கும் தெரியும். அல்சைமர் ஒருவரிடம் வேகமாகப் போகும், இன்னொருவரிடம் மெதுவாகப் போகும். இவ்வளவு சிறிய குழுவில் வேகம் தணிந்தது என்று சொன்னால் நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த சோதனைக்குக் காத்திருப்பேன்.

அடுத்த சோதனையும் நடந்தது, ஆனால் செல் இல்லாமல். ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாகச் செல் வளர்ப்பது பெரும்பாடு. இதற்குள் ஏ.ஏ.வி. என்ற வைரஸ் கைக்கு வந்துவிட்டது. பெருகாத நியூரானுக்குள்ளும் அது மரபணுவைக் கொண்டு சேர்க்கும். ஆகவே செல்லை வெளியே மாற்றி உள்ளே வைப்பதை விட்டுவிட்டு, வைரஸை நேராக மூளையில் செலுத்தி அங்கிருக்கும் செல்களையே என்.ஜி.எஃப். சுரக்க வைத்தார்கள். 49 நோயாளிகள். ஒரு பாதிக்கு உண்மையான சிகிச்சை, மறுபாதிக்கு மருந்தில்லாத பாவனை அறுவை. 2018-ல் வெளியான முடிவு: இரண்டு குழுவுக்கும் வேறுபாடு இல்லை.

பத்திரிகைகள் அத்தோடு விட்டுவிட்டன. எனக்கு முக்கியமாகப் படுவது அதன்பிறகு நடந்தது. சோதனையில் பங்கேற்று, பிற்பாடு இயற்கையாக மறைந்தவர்களின் மூளைகளைப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2020-ல் வெளியானது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் மரபணு வேலை செய்துகொண்டிருந்தது. ஆனால் செலுத்திய இடத்திலிருந்து அது பரவிய தூரம் சராசரியாக 0.96 மில்லிமீட்டர்! ஊசி முனை இறங்கிய இடமும் குறி தப்பியிருந்தது. ஆராய்ந்த 15 செலுத்திடங்களில் ஒன்றில்கூட என்.ஜி.எஃப். அந்த அசிடைல்கோலின் நியூரான்களை நேராகப் போய்ச் சேரவில்லை. சொட்டுநீர்க் குழாயைத் தென்னையின் வேர்ப்பாத்திக்கு வெளியே போட்டுவிட்டு, வருடக்கணக்கில் மோட்டார் ஓட்டிய கதை.

ஆக, என்.ஜி.எஃப். அல்சைமருக்கு உதவுமா என்ற கேள்விக்கு இன்னும் விடையே இல்லை. 49 பேரின் மண்டையோட்டில் துளை போட்டும் அந்தக் கேள்வி சோதிக்கப்படவே இல்லை. ஆதரவாளர்கள் இதைக் காட்டி "மருந்து தோற்கவில்லை, ஊசிதான் தோற்றது" என்கிறார்கள். தர்க்கம் சரி. ஆனால் அறுவை செய்த அன்றே மருந்து எங்கே விழுந்தது என்று பார்க்க வழியில்லாமல் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கியதற்கும் அவர்கள்தான் பொறுப்பு.

குறி ஏன் தப்புகிறது? மூளை இறுகிய பொருள் இல்லை. மண்டையோட்டைத் துளைத்ததும் உள்ளிருக்கும் நீர் கொஞ்சம் வடியும், மூளை ஓரிரு மில்லிமீட்டர் நகரும். காலையில் எடுத்த ஸ்கேன் மதியம் பழைய வரைபடம் ஆகிவிடும். அல்சைமர் மூளை ஏற்கெனவே சுருங்கியிருப்பதால் இந்த நகர்வுக்கு இடமும் அதிகம். இப்போது டுசின்ஸ்கி குழு பி.டி.என்.எஃப். என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியை வைத்து நடத்தும் சோதனையில், நோயாளி எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் இருக்கும்போதே செலுத்துகிறார்கள். மருந்தோடு எம்.ஆர்.ஐ.-யில் தெரியும் பொருளையும் கலந்து, அது எதுவரை பரவுகிறது என்று திரையில் பார்த்தபடியே அளவைக் கூட்டிக் குறைக்கிறார்கள். இருபது வருடம் கழித்து வந்த இந்தத் திருத்தம் புது மரபணுவைவிட மதிப்புள்ளது என்பது என் கருத்து.

செல்லையே வைக்கும் பாதையும் அறுந்துவிடவில்லை. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்காவில் ஆறு அல்சைமர் நோயாளிகளுக்கு வேறொரு தந்திரம் செய்தார்கள். மனித விழித்திரையின் நிறமிச் செல் வகை ஒன்றில் என்.ஜி.எஃப். மரபணுவை ஏற்றி, அவற்றை நுண்துளையுள்ள மெல்லிய குழாயில் அடைத்து, குழாயை மூளைக்குள் இறக்கினார்கள். துளை வழியே சத்து உள்ளே போகும், என்.ஜி.எஃப். வெளியே வரும், செல் வெளியே வர முடியாது, நோயெதிர்ப்புச் செல் உள்ளே போகவும் முடியாது. 12 மாதம் கழித்து குழாயை அப்படியே உருவி எடுத்துவிட்டார்கள். சுரந்த அளவு குறைவு, பெரிய பலன் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் இந்த முறையின்மேல் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. ஏனென்றால் மூளைக்குள் வைத்த ஒன்றைத் திரும்ப எடுப்பது எப்படி என்று அவர்கள் முதலிலேயே யோசித்தார்கள்.

இந்தக் கவலைக்குக் காரணம் இருக்கிறது. பெருகத் தெரிந்த செல், நிற்கத் தெரியாமலும் போகலாம். மாஸ்கோவில் கருவிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்களை ஒரு இஸ்ரேலியச் சிறுவனுக்குச் சில தடவை செலுத்தினார்கள். சில ஆண்டுகளில் அவன் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள். கட்டியின் செல்கள் சிறுவனுடையவை இல்லை, தானம் வந்தவை என்று மரபணுச் சோதனையில் உறுதியாகி 2009-ல் வெளியிட்டார்கள். அந்தச் செல்கள் மரபணு மாற்றியவைகூட இல்லை. மாற்றியவற்றில் இன்னொரு அபாயம் சேர்கிறது: ரெட்ரோவைரஸ் மரபணுவை எங்கே பதிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பாரிஸில் பிறவி நோயெதிர்ப்புக் குறைபாட்டுக்கு மரபணு சிகிச்சை பெற்ற குழந்தைகள் சிலருக்கு இதனாலேயே ரத்தப் புற்று வந்தது. அது மூளைச் சிகிச்சை இல்லை, ஆனால் பாடம் எல்லோருக்கும் பொது. கிளாஸ்கோவில் 2010-ல் பக்கவாத நோயாளிகளுக்கு வைத்த நரம்பு ஸ்டெம் செல்லில் இதற்காகவே ஒரு சுவிட்ச் வைத்தார்கள். டமாக்சிஃபென் என்ற மார்பகப் புற்று மருந்தின் வழிப்பொருள் ஒன்று இருந்தால்தான் பெருக்கும் மரபணு வேலை செய்யும். குடுவையில் அதைக் கொடுத்து வளர்த்துவிட்டு, மூளையில் கொடுக்காமல் விட்டுவிடுவார்கள்.

கலிபோர்னியாவில் கேரன் அபூடி குழு செய்தது இதற்கு நேர் எதிர்த் திசை. நரம்பு ஸ்டெம் செல்கள் மூளைப் புற்றைத் தேடிப் போகும் குணமுள்ளவை. அவற்றில் ஒரு நொதியின் மரபணுவை ஏற்றிக் கட்டியை எடுத்த இடத்தில் விட்டால், நோயாளி வாயால் சாப்பிடும் ஃபுளூசைட்டோசின் என்ற பூஞ்சை மருந்து, அந்தச் செல்கள் இருக்கும் இடத்தில் மட்டும் புற்றுமருந்தாக மாறும். யோசனை அழகு, மனிதரில் முதல்கட்டப் பாதுகாப்புச் சோதனை முடிந்திருக்கிறது.

அனுமதி கிடைத்த ஒன்றும் உண்டு, ஆனால் அது அல்சைமருக்கு இல்லை. ஜப்பானின் சான்பயோ நிறுவனம் எலும்பு மஜ்ஜைச் செல்லில் நாட்ச் என்ற மரபணுவின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக ஏற்றி, தலைக்காயத்தால் கைகால் இயக்கம் குன்றியவர்களின் மூளையில் செலுத்துகிறது. வைத்த செல்கள் நீண்ட நாள் தங்குவதில்லை. போவதற்குள் சுரப்பதுதான் வேலை. 61 பேரிடம் நடந்த சோதனையில், 24 வாரத்தில் இயக்க மதிப்பெண் சிகிச்சை பெற்றவர்களுக்கு 8.3 கூடியது, பாவனை அறுவை பெற்றவர்களுக்கு 2.3 கூடியது. 2024-ல் ஜப்பான் நிபந்தனையோடும் காலவரம்போடும் அனுமதித்தது. அதே செல் பழைய பக்கவாதத்துக்கான சோதனையில் 2019-லேயே தோற்றுவிட்டது. இங்கே அந்த 2.3-ஐக் கவனியுங்கள். வெறும் பாவனை அறுவைக்கே அவ்வளவு முன்னேற்றம் வருகிறது. எதிர்க்குழு இல்லாமல், "ஊசி போட்டபின் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார்" என்று வரும் வீடியோக்களை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்கு இதுவே போதும்.

இனி உங்கள் கிளினிக். இப்படிப்பட்ட இடங்கள் பெரும்பாலும் செய்வது, இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்துப் பிரித்து, கீழ்முதுகில் தண்டுவட நீருக்குள் ஊசியாகப் போடுவது. மரபணு மாற்றம் எதுவும் கிடையாது. மூளையில் குறி வைப்பதும் கிடையாது. மண்டையோட்டைத் துளைத்து ஊசி இறக்கியே ஒரு மில்லிமீட்டர் தாண்டாத இடத்தில், கீழ்முதுகில் போட்டது மைனெர்ட் கூட்டம்வரை போய்ச் சேரும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல், ரத்த நோய் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்றைத் தவிர வேறெந்த ஸ்டெம் செல் பயன்பாட்டையும் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையாக ஏற்கவில்லை. மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம்.

அவர்கள் "ஆய்வுதான் செய்கிறோம்" என்று சொன்னால் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் எண். சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எந்த நோய்க்கு, எத்தனை பேருக்கு, எந்த நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்; முழங்கால் வலிக்கு வாங்கிய எண்ணை அல்சைமருக்குக் காட்டுவதும் நடக்கும், நோயின் பெயரைப் படித்துப் பாருங்கள். இரண்டு, பணம். முறையான ஆய்வில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். செலவைப் பற்றிக் கவலையில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வாக்கியத்தை அங்கே போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

அம்மாவுக்கு மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்; டோனெபெசிலை நிறுத்தியபின் சிலருக்கு நிலைமை சட்டென்று இறங்கும். அடுத்தமுறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது பி12, தைராய்டு அளவுகள் கடைசியாக எப்போது பார்த்தது, காது சரியாகக் கேட்கிறதா, இரவில் தூங்குவதற்கென்று கொடுத்த மாத்திரை ஏதாவது மறதியைக் கூட்டுகிறதா என்று மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.